வேண்டாம் என்றாள் பஞ்சவர்ணம்

ஜூன் 3, செவ்வாய்

என் கணவர் சங்கரலிங்கம் நேற்று சாயங்காலம் பழங்காநத்தம் பக்கம் ஒரு நாயைக் காப்பாற்றப் போய், ஸ்கூட்டரோடு சரிந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நாளை ஆபரேஷன்.

ஆம்புலன்ஸில் வரும்போது வலியில் முனகிக்கொண்டே, "தமயந்தி, டிரைவர் தம்பிக்கு டீக்கு ஏதாச்சும் குடு" என்கிறார். நான் கொடுக்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு விஷயத்தில்தான் சண்டை. ஓட்டலில் சாப்பிட்டால் சோம்புத் தட்டில் ரூபாய் வைப்பார், நான் எடுப்பேன், அவர் மறுபடி வைப்பார். முடிவெட்டுகிறவர், சிலிண்டர் போடுகிறவர், யாரையும் விடமாட்டார். செய்கிற வேலைக்குச் சம்பளம் இருக்கும்போது மேலே எதற்குக் கொடுப்பது என்று நான் கேட்பேன். "சந்தோஷத்துக்கு" என்பார். யாருடைய சந்தோஷத்துக்கு என்று இன்றுவரை சொன்னதில்லை.

நான் முத்திரை ஆய்வாளர். கடைத் தராசும் பெட்ரோல் பங்க் மீட்டரும் ஒழுங்காக அளக்கின்றனவா என்று பார்த்து முத்திரை வைக்கிற வேலை. போகிற இடமெல்லாம் கவர் நீட்டுவார்கள். இன்றுவரை ஒன்றுகூட என் பைக்குள் வந்ததில்லை. அலுவலகத்துக்குத் தினமும் நாட்குறிப்பு எழுதிப் பழகிய கை, விடுப்பிலும் நிற்க மாட்டேன் என்கிறது. எழுதாமல் உட்கார்ந்திருந்தால் பயமாக இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

நேற்று ஆபரேஷன் முடிந்தது. கம்பி வைத்திருக்கிறார்கள். டாக்டர் சிரித்த முகத்தோடு வெளியே வந்தபோதுதான் எனக்குக் கால் தரையில் பட்டது.

அந்த நிம்மதி வார்டுக்குப் போய்ச் சேரும்வரைகூட நிலைக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்த இரண்டு பேர் அவரைப் படுக்கைக்கு மாற்றிவிட்டுக் கதவோரம் நின்றார்கள். நல்லபடியாக முடிந்துவிட்டதாம், பார்த்துச் செய்ய வேண்டுமாம். இது பில்லில் வருமா என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகு பெட்பேன் கேட்டு மணியடித்தால் யாரும் வரவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில் அம்மாள், முதலிலேயே கொடுத்திருந்தால் இந்தப் பாடு இல்லை என்று எனக்குப் பாடம் எடுத்தாள்.

ராத்திரி கொதிப்பு அடங்கவில்லை. காலையில் வரவேற்பு மேஜையில் காகிதம் வாங்கி, என் அலுவலக நடையில் ஒரு புகார் எழுதிப் பெட்டியில் போட்டேன். அன்பளிப்பு வாங்குவது தடை என்று அறிவிப்பு வைக்க வேண்டும், நடைபாதையைக் கண்காணிக்க வேண்டும், வாங்குகிறவர்மேல் உடனே நடவடிக்கை வேண்டும். பெயர், கையெழுத்து, படுக்கை எண் எல்லாம் போட்டேன். மொட்டைக் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை நான்.

ஜூன் 6, வெள்ளி

காய்ச்சல் இல்லை. இட்லி கல். அவர் எழுந்து நிற்க மறுக்கிறார்.

ஜூன் 9, திங்கள்

புகாருக்குப் பலன் இருக்கிறது. லிஃப்ட் பக்கத்தில் "ஊழியர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்" என்று பலகை தொங்குகிறது. நடைபாதையில் புதிதாக ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். மேனேஜர் ஞானராஜ் என்பவர் நேரில் வந்து நன்றி சொன்னார். கணவரைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவருக்குத்தான் இன்னும் பிடிவாதம். வாக்கரைப் பிடித்து நிற்கச் சொல்லி ஃபிசியோதெரபிக்காரர் தினமும் வருகிறார். இவர் கட்டில் நுனியில் உட்கார்ந்து, வியர்த்து, தலையை ஆட்டிவிட்டுப் படுத்துவிடுகிறார். இப்படியே படுத்திருந்தால் பிறகு நடப்பது கஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சநேரம் நின்றேன்.

பகலுக்குப் புதிதாக ஒரு ஆயாம்மா வந்திருக்கிறாள். பெயர் பஞ்சவர்ணம். முப்பத்தைந்து வயதிருக்கும், சேலைமேல் மெரூன் கோட்டு, வாய் ஓய்வதில்லை.

ஜூன் 11, புதன்

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் ஜன்னலுக்குக் கீழே ஒரு டீக்கடை இருக்கிறது. எண்ணெய்ச் சட்டி போட்டால் வாசம் மேலே வரும், கட்டிலிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. தரை துடைத்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்துவிட்டு, "வாழைக்காய் பஜ்ஜி சார்" என்றாள். இவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, இல்லை, இது பருப்பு வடை என்றார். பஜ்ஜிதான் என்று அவள் சாதித்தாள். வேண்டுமானால் எழுந்து வந்து பாருங்கள், வடையாக இருந்தால் இந்த வார்டை நான் இரண்டு தடவை துடைக்கிறேன் என்றாள்.

இவருக்குச் சாப்பாட்டு விஷயத்தில் தோற்கப் பிடிக்காது. வாக்கரை இழுத்தார். அவள் பக்கத்திலேயே நின்றாள், ஆனால் தொடவில்லை. நாலு எட்டு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "வடை!" என்று கத்தினார். அவள் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

வடை என்று அவளுக்கு முதலிலேயே தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மத்தியானம் அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். செல்லூரில் வீடு. கணவர் மார்க்கெட்டில் லோடு தூக்குகிறார். நாலு வயதில் ஒரு பெண், பூவிழி. ஆவணியில் குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். யார் மடியில் உட்கார வைப்பது என்று இப்போதே அவளுடைய இரண்டு தம்பிகளுக்கும் சண்டையாம்.

ஜூன் 12, வியாழன்

இன்று பஜ்ஜி. நடைபாதை வரை போய் வந்தார்.

ஜூன் 14, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

டிஸ்சார்ஜ் என்று தெரிந்ததும், இத்தனை நாள் பார்த்தேயிராத முகங்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, பார்த்துப் போங்கம்மா, உடம்பைக் கவனிங்க சார் என்று விசாரித்தன. பலகை இருப்பதால் யாரும் வாய் திறந்து கேட்கவில்லை, கண்தான் கேட்டது. நான் அசையவில்லை. பஞ்சவர்ணம் மட்டும் வரவில்லை. அவள் அடுத்த வார்டில் யாருக்கோ போர்வை மாற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்கே என்னைப் புரியவில்லை. இவரை லிஃப்ட் பக்கம் உட்கார வைத்துவிட்டு, ஐந்நூறு ரூபாயை மடித்துக்கொண்டு அவளைத் தேடிப் போனேன். நடைபாதையில் எதிரே வந்தாள். கையில் திணித்தேன். "வேணாம்மா, வேணாம்" என்று பின்னால் நகர்ந்தாள். கையைப் பிடித்தேன், உதறினாள். கடைசியில் கோட்டுப் பையில் செருகிவிட்டு ஓட்டமாக வந்து இவரோடு லிஃப்டில் ஏறிக்கொண்டேன். எத்தனை பேர் என் பையில் செருகப் பார்த்திருக்கிறார்கள்! அந்தப் பக்கத்தில் நிற்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரியாது. நெஞ்சு லேசாகிவிட்டது.

ஆட்டோ கிளம்பும்போது பார்த்தால், பஞ்சவர்ணம் படியிறங்கி வாசல் வரை ஓடிவந்து கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருக்கிறாள். நானும் ஆட்டினேன். மூச்சிரைக்க ஓடிவந்து வழியனுப்ப அவளுக்கு என்ன தலையெழுத்து? பாசம்தான்.

அவரிடம் சொன்னேன். "நீயா குடுத்தே?" என்று வாயைப் பிளந்தார். வீடு வரும்வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஜூன் 15, ஞாயிறு

வீடெல்லாம் தூசி. இவருடைய கூரியர் கடைச் சாவியைக் காணோம், ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

தினமும் தெருமுனை வரை நடக்கிறார். ஜூலை இரண்டாம் தேதி ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போக வேண்டும். அதற்குள் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறிவிட வேண்டுமாம். டாக்டருக்காகவா என்றேன். "பஞ்சவர்ணத்துக்கு" என்றார்.

ஜூலை 2, புதன்

இவர் ஷேவ் செய்து, நீலச் சட்டை போட்டு, கைத்தடியோடு வார்டுக்கே போனார். வேறொரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். பெயர் ஜெயக்கொடி. பஞ்சவர்ணம் எங்கே என்று இவர் கேட்டதற்கு அவள் என்னைத்தான் பார்த்தாள்.

அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். நோயாளி வீட்டில் பணம் வாங்கியது கேமராவில் விழுந்துவிட்டது. ஆயாம்மாக்களை அனுப்புகிற ஏஜென்சி நாங்கள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று சாயங்காலமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இவரை அங்கேயே உட்கார வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனேன். ஞானராஜ் மரியாதையாக எழுந்து நின்றார். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன் என்றேன். யார் கேட்டது யார் கொடுத்தது என்று ஒவ்வொன்றாக விசாரிக்க முடியாது என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மேடம், வாங்கினா உடனே நடவடிக்கைன்னு எழுதிக் குடுத்ததே நீங்கதான். அதுக்கு அப்புறம்தான் இதெல்லாம் போட்டோம்."

மேனேஜர் என்ன சொன்னார் என்று இவர் ஆட்டோவில் கேட்டார். அப்படியே சொன்னேன்.

ஜூலை 3, வியாழன்

ஜெயக்கொடியிடம் விலாசம் வாங்கிக்கொண்டு செல்லூருக்குப் போனேன். தனியாகத்தான். ஒரு கிலோ ஆப்பிள் வாங்கினேன், தெருவுக்குள் நுழையும்போது அது அசிங்கமாகத் தோன்றியது. பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

பஞ்சவர்ணம் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள், ஸ்டூல் எடுத்துப் போட்டாள். சார் நடக்கிறாரா என்று கேட்டாள். அதற்குமேல் அலசுவதை நிறுத்தவில்லை. பூவிழி கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இரண்டு வீட்டில் பாத்திரம் கழுவப் போகிறாளாம், காதுகுத்தைத் தள்ளி வைத்தாயிற்றாம். எல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் வந்தது.

மன்னித்துவிடு என்றேன். இந்த வார்த்தையை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. அவள் ஒரு சேலையை முறுக்கிப் பிழிந்தாள்.

"பணம் யாருக்கும்மா வேணாம்? எனக்கும் வேணும்தான். அந்த எடத்துல வச்சு வேணாம்னு சொன்னேன். அத்தனை தடவை சொன்னேன்ல? குடுக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சு, குடுத்துட்டு லிஃப்ட்ல போய்ட்டீங்க. நான் சொன்னது உங்க காதுலயே விழுகல."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. புகார் எழுதியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், பிறகு சொல்லியும் விட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தெரியும் என்றாள். பலகை வைத்த அன்றே வார்டு முழுக்கத் தெரியுமாம். அது தெரிந்துதான் இவரை ஜன்னலுக்கு நடத்தியிருக்கிறாள்.

ஆப்பிளைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

ஜூலை 5, சனி

சாப்பிடப் பிடிக்கவில்லை. செல்லூரில் நடந்ததைச் சொன்னதிலிருந்து இவர் இரண்டு நாளாக என்னைச் சீண்டவேயில்லை. இன்று சாயங்காலம்தான் பேச்சை எடுத்தார். நான் கவரை மறுக்கும்போது நஷ்டம் யாருக்கு என்று கேட்டார். யாருக்குமில்லை என்றேன்.

"ஆமா, உனக்கு முதல் தேதி சம்பளம் வந்துரும். மாட்டேன்னு சொல்லிட்டுக் கம்பீரமா வந்துரலாம். அவ மாட்டேன்னு சொன்னதுக்குத்தான் விலை ஜாஸ்தி தமயந்தி. அதை நீ எடுத்துக்கவே இல்ல."

நானும் விடவில்லை. இத்தனை வருடம் நீங்கள் சோம்புத் தட்டில் வைத்தது எந்தக் கைக்குப் போனது, முதலாளி எடுத்தாரா, இலை எடுக்கிறவருக்குப் பங்கு போனதா என்று ஒரு நாளாவது கேட்டீர்களா என்றேன். கேட்டதில்லை என்று ஒப்புக்கொண்டார். எங்கள் சண்டையில் இருவரும் சேர்ந்து தோற்றது இதுதான் முதல் தடவை.

பிறகு டீ போட்டேன். டீயை ஆற்றும்போது திடீரென்று அந்தக் கை என் கண்முன் வந்தது. ஆட்டோவுக்குப் பின்னால் உயர்த்திய கை. அது விரிந்திருக்கவில்லை. விரல்கள் எதையோ இடுக்கிக்கொண்டிருந்தன. வழியனுப்ப யாராவது மூடிய கையை ஆட்டுவார்களா? நான் என்னவோ ராணி மாதிரி பதிலுக்கு ஆட்டியிருக்கிறேன்.

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு அவரிடம் ஓடினேன்.

ஜூலை 7, திங்கள்

ஞானராஜ் இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. வாசல் கேமரா இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது. அன்று அதைப் பார்த்தீர்களா? இல்லை. நடைபாதையில் நான் பையில் செருகுகிற துண்டை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும், இருக்கிறதோ என்னவோ என்றார். இருக்கிறதா என்று தேடுங்கள், நான் இங்கேயே உட்காருகிறேன் என்றேன். இவரும் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி முத்திரையோடு கடையை விட்டு நான் எழுந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை.

கிடைத்தது. சத்தமில்லாத படம். பஞ்சவர்ணம் படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்குகிறாள். செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடக்கிறது. வாசலில் அந்த நோட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, நிறுத்துங்க நிறுத்துங்க என்று வாயசைக்கிறாள். ஆட்டோவிலிருந்து ஒரு கை வெளியே வந்து ஜாலியாக ஆட்டுகிறது. அது என் கை. அவள் ரோட்டிலேயே நிற்கிறாள். பிறகு திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, நோட்டைக் கையில் பிடித்தபடியே மேலே போகிறாள்.

ஞானராஜ் இரண்டாம் தடவை போட்டுப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளும் இதையேதான் சொன்னாளாம், யாரும் நம்பவில்லையாம். அன்று அவளிடம் வாங்கிய நோட்டைக் கவரில் போட்டு அலமாரியில் வைத்திருந்தார்கள், அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

பலகையில் பாதிதான் எழுதியிருக்கிறது என்றேன். கொடுக்காதே என்று எங்களிடம் சொல்கிறீர்கள், நான் கொடுத்தேன், எனக்கு என்ன தண்டனை? போன தடவை வந்தபோது எழுந்து நின்று மரியாதை செய்தீர்கள். அவர் ஏஜென்சிக்கு ஃபோன் போட்டார். நாங்கள் இருக்கும்போதே போட்டார்.

ஜூலை 10, வியாழன்

பஞ்சவர்ணம் வேலைக்கு வந்துவிட்டாள். ஜெயக்கொடிதான் ஃபோன் செய்தாள். நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அசட்டுத்தனமாகச் சிரித்தோம்.

ஜூலை 22, செவ்வாய்

அலுவலகம் போக ஆரம்பித்துவிட்டேன். எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் கூலி விவகாரம் பார்க்கிற பிரிவு இருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் அந்தப் படி ஏறியதில்லை. இன்று ஏறினேன், தனியாக அல்ல. பஞ்சவர்ணமும் ஜெயக்கொடியும் இன்னும் நாலு பேரும் வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி ஏஜென்சிக்குக் கொடுப்பதும் ஏஜென்சி இவர்கள் கையில் கொடுப்பதும் ஒன்றில்லை. கோட்டுத் துணிக்குக்கூட மாதாமாதம் பிடித்தம். பணம் கொடுக்காதீர்கள் என்று பலகை மாட்டுகிறவர்கள் முதலில் இதையல்லவா பார்க்க வேண்டும்? பலகை கேட்டவளும் பார்த்திருக்க வேண்டும்.

இந்தத் தடவை நான் எழுதவில்லை. என்ன எழுதலாம், எதை விட்டுவிடலாம் என்று அவர்களிடமே கேட்டேன். ஜெயக்கொடி எழுதினாள். ஏஜென்சியைக் கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நடக்கும் என்றுதான் நினைக்கிறேன். நடக்காவிட்டால் எனக்கு அந்தப் படி இப்போது தெரியும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பஞ்சவர்ணமும் அவள் கணவரும் தட்டில் பழம், வெற்றிலை பாக்கோடு வந்து காதுகுத்துப் பத்திரிகை வைத்தார்கள். நின்று போனதை மறுபடி வைத்துவிட்டார்கள். பழைய ஆப்பிள் ஞாபகம் வந்து, புதிதாக வாங்கி நறுக்கிக் கொடுத்தேன். பூவிழி தோலை மட்டும் தின்றாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

செல்லூரில் ஒரு சின்ன மண்டபம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, பெரிய தம்பி மடியில் உட்கார்ந்து பூவிழி ஊரையே கூட்டினாள். சின்னத் தம்பி பக்கத்தில் முறைத்துக்கொண்டு நின்றான். இவர் கைத்தடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பந்திக்குப் போகும்போது பஞ்சவர்ணம் அவரைப் பார்த்து, "சார், உள்ள வடையா பஜ்ஜியா?" என்று கேட்டாள். இவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, பார்க்காமலேயே பஜ்ஜி என்றார். வடைதான் இருந்தது. வேண்டுமென்றே தோற்றிருக்கிறார்.

சாப்பிட்டு வந்தால் வாசலில் மொய் மேஜை. ஒருவர் பணம் வாங்க, ஒருவர் எழுத, ஒருவர் மைக்கில் வாசிக்க, எல்லாம் ஊரறிய நடந்துகொண்டிருந்தது. என் பையில் ஞானராஜ் தந்த அதே நோட்டு இருந்தது. மேஜை வரைக்கும் போன கால் நின்றுவிட்டது. திரும்பிப் பஞ்சவர்ணத்தைத் தேடிப் போய், எழுதலாமா என்று கேட்டேன்.

அவள் என் கையில் இருந்ததைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்திருக்க வேண்டும், சிரித்துவிட்டாள்.

"எழுதுங்கம்மா. இது வேற. உங்க வீட்டு விசேஷத்துக்கு நான் மேல போட்டுத் திருப்பிச் செய்யணும்ல? அப்ப நீங்க வேணாம்னு சொல்லக் கூடாது."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டில் என்ன விசேஷம் வரப்போகிறது என்று சொல்ல வந்தேன். அதற்குள் இவர் பின்னாலிருந்து, ரெண்டு வருஷத்தில் எனக்கு அறுபதாம் கல்யாணம் இருக்கிறது, பத்திரிகை வரும் என்றார். அப்படி ஒரு எண்ணம் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அவள் இன்னும் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். இந்த உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் சொல்லாத ஒரு வார்த்தையை நான் சொல்ல வேண்டியிருந்தது.

"வாங்கிக்கிறேன்" என்றேன்.

எழுதுகிறவர் என்ன முறை என்று கேட்டார். நான் முழித்தேன். பஞ்சவர்ணம் தள்ளி நின்றபடியே, ஆஸ்பத்திரிச் சொந்தம் என்று போடுங்கள் என்றாள். மைக்கில் அப்படியேதான் வாசித்தார்கள்.